இண்டெக்ஸ் இருந்தும் குவெரி ஏன் நொண்டுகிறது? ஆப்டிமைசரின் கணக்கு தப்பிய இடத்தை அறிகுறி வைத்துப் பிடிக்கும் முறை

"இண்டெக்ஸ் போட்டாச்சு, ஆனாலும் டேபிள் முழுசையும் படிக்குது." "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு." "என் மெஷின்ல ஒரு செகண்ட், ஆப்ல ஒரு நிமிஷம்." மெதுவான குவெரியைப் பற்றி வரும் புகார்கள் பெரும்பாலும் இப்படி ஆறேழு வகைக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று கீழே எழுதியிருக்கிறேன். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸை வைத்தே சொல்கிறேன். மைஎஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர் வேறுபடும் சில இடங்களில் அதையும் குறித்திருக்கிறேன்.

உங்கள் புகாருக்கான தலைப்புக்குத் தாவும் முன் அடுத்த பகுதியை மட்டும் படித்துவிடுங்கள். அதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் குருட்டாம்போக்குதான்.

## முதல் வேலை: ஊகத்தையும் நிஜத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது

குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவெடுக்கும் டேட்டாபேஸின் பகுதிதான் ஆப்டிமைசர். அது சாத்தியமான வழிகளுக்கெல்லாம் செலவுக் கணக்குப் போடும்; குறைந்த தொகை வந்த வழியை எடுத்துக்கொள்ளும். அந்தத் தொகையின் அடியில் இருப்பது ஒரு ஊகம்: இந்தப் படியில் எத்தனை பதிவுகள் வெளியே வரும்? இந்த எண் தப்பினால் அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு முடிவும் தப்பும். "முட்டாள் ஆப்டிமைசர்" என்று நாம் திட்டுகிற பெரும்பாலான நேரங்களில் அது தன்னிடம் இருந்த எண்ணுக்குச் சரியான முடிவைத்தான் எடுத்திருக்கும்.

எனவே குவெரிக்கு முன்னால் எக்ஸ்பிளெய்ன் (அனலைஸ், பஃபர்ஸ்) போட்டு ஓட்டுங்கள். இது குவெரியை நிஜமாகவே ஓட்டும். அப்டேட், டிலீட் என்றால் பிகின் போட்டுத் தொடங்கி ரோல்பேக்கில் முடியுங்கள். இல்லாவிட்டால் டேட்டா போயே போய்விடும்.

வரும் பிளான், அதாவது ஆப்டிமைசர் தேர்ந்த வழி, இப்படி இருக்கலாம் (தேவையானதை மட்டும் வைத்திருக்கிறேன்; ரோஸ் என்பது ஊகம், ஆக்சுவல் ரோஸ் நிஜம்; சீக் ஸ்கேன் என்றால் டேபிளை முழுசாகப் படிப்பது; நெஸ்டெட் லூப் என்றால் ஒரு பக்கத்தின் ஒவ்வொரு பதிவுக்கும் மறுபக்கத்தில் ஒரு சுற்றுத் தேடுவது):

நெஸ்டெட் லூப் (ரோஸ்=1) (ஆக்சுவல் ரோஸ்=48210 லூப்ஸ்=1)
  -> சீக் ஸ்கேன்: ஆர்டர்ஸ் (ரோஸ்=1) (ஆக்சுவல் ரோஸ்=48210 லூப்ஸ்=1)
  -> இண்டெக்ஸ் ஸ்கேன்: ஐட்டம்ஸ் (ரோஸ்=1) (ஆக்சுவல் டைம்=0.80..0.85 ரோஸ்=1 லூப்ஸ்=48210)

மூன்றாவது வரியைப் பார்த்தால் 0.85 மில்லிவிநாடி, ஒன்றுமில்லை என்று கண் தாண்டிப் போய்விடும். ஆனால் அது ஒரு சுற்றுக்கான சராசரி. லூப்ஸ் 48,210. பெருக்கினால் கிட்டத்தட்ட 41 விநாடி. குவெரியின் மொத்த நேரமும் அங்கேதான் போகிறது. ஆனால் குற்றவாளி அந்த வரி இல்லை. இரண்டாவது வரியில் 1 பதிவு வரும் என்று ஊகித்திருக்கிறது, வந்ததோ 48,210. ஒரே ஒரு பதிவுதான் என்றால் நெஸ்டெட் லூப்பை விட மலிவான வழி கிடையாது. அதனால் அதை எடுத்திருக்கிறது.

பிளானை உள்ளிருந்து வெளியே, அதாவது அதிகம் உள்தள்ளிய வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். ஊகமும் நிஜமும் பத்து மடங்குக்கு மேல் விலகும் முதல் வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி இரண்டே கிளை:

- அப்படி ஒரு வரி இருக்கிறது என்றால்: "ஊகம் ஒன்று, வந்தது ஆயிரக்கணக்கில்" பகுதிக்குப் போங்கள்.
- எண்களெல்லாம் ஒத்துப்போகின்றன, ஆனாலும் மெதுவு என்றால்: "ஊகமெல்லாம் சரி, இருந்தும் மெதுவு" பகுதிக்கு.

லிமிட் போட்ட குவெரிக்கு இந்த ஒப்பீடு ஏமாற்றும். லிமிட் பாதியில் நிறுத்திவிடுவதால் கீழ்வரிகளில் நிஜ எண் ஊகத்தைவிடக் குறைவாகத் தெரியும். அது பிழை அல்ல.

## அறிகுறி: இண்டெக்ஸ் இருக்கிறது, தொடவே இல்லை

முதல் சந்தேகம்: தொடாததே சரி. டேபிள் சின்னதாக இருந்தாலோ, நிபந்தனைக்கு டேபிளில் பெரும்பங்கு பதிவுகள் பொருந்தினாலோ முழுசாகப் படிப்பதுதான் மலிவு. பாதி டேபிளை இண்டெக்ஸ் வழியாக ஒவ்வொன்றாக எடுப்பது பக்கங்களுக்கு இடையே அலைவதுதான். "சீக் ஸ்கேன் என்றாலே தப்பு" என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

சோதனை. உங்கள் செஷனில் மட்டும் எனேபிள்_சீக்ஸ்கேன் = ஆஃப் வைத்து, அதே குவெரியை மறுபடி எக்ஸ்பிளெய்ன் அனலைஸில் ஓட்டுங்கள். கேஷ் சூடாவதற்காக இரண்டு தடவை ஓட்டி இரண்டாவதை எடுங்கள். மூன்று விடைகள் வரலாம்.

### அணைத்த பிறகும் சீக் ஸ்கேனே வருகிறது

அப்படியானால் இந்த நிபந்தனைக்கு அந்த இண்டெக்ஸைப் பயன்படுத்தவே முடியாது. செலவுக் கணக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்:

இண்டெக்ஸ் செத்துக் கிடக்கிறதா? கிரியேட் இண்டெக்ஸ் கன்கரண்ட்லி பாதியில் தோற்றால் "இன்வேலிட்" என்ற முத்திரையோடு இண்டெக்ஸ் அப்படியே நிற்கும். எழுதும்போது அதற்கும் செலவாகும், படிக்கும்போது உதவாது. பிஎஸ்கியூஎல் என்ற கட்டளை வரிக் கருவியில் டேபிளின் விவரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். டிராப் செய்து மறுபடி கட்டுங்கள்.

ஃபீல்டின் மேல் ஃபங்ஷன் போட்டிருக்கிறீர்களா? டேட்(உருவான_நேரம்) = ஒரு தேதி என்று எழுதினால், உருவான_நேரத்தின் மேல் இருக்கும் இண்டெக்ஸ் உதவாது. அன்றைய நாள் தொடக்கத்துக்குச் சமம் அல்லது பெரிது, மறுநாள் தொடக்கத்தைவிடச் சிறிது என்று வரம்பாக எழுதுங்கள். லோயர்(மின்னஞ்சல்) போல மாற்ற முடியாத இடத்தில் அந்தக் கோவையின் மேலேயே இண்டெக்ஸ் கட்டுங்கள். கட்டியதும், புள்ளிவிவரம் சேகரிக்கும் அனலைஸ் கட்டளையை ஓட்ட மறக்காதீர்கள்.

டைப் ஒத்துப்போகிறதா? இது கண்ணில் படாத வகை. ஃபீல்டு பிக்இன்ட், ஆப் அனுப்பும் மதிப்பு நியூமெரிக். போஸ்ட்கிரெஸ் ஃபீல்டைத்தான் நியூமெரிக்காக மாற்றி ஒப்பிடும், இண்டெக்ஸ் வீண். பிளானில் ஃபில்டர் என்ற வரியில் ஃபீல்டின் பெயருக்குப் பக்கத்தில் இரட்டை முக்காற்புள்ளியோடு ஒரு டைப் ஒட்டியிருந்தால் இதுதான். மைஎஸ்கியூஎல்லில் வார்கேர் ஃபீல்டை மேற்கோள் குறி இல்லாத எண்ணோடு ஒப்பிட்டாலும், எஸ்கியூஎல் சர்வரில் வார்கேர் ஃபீல்டுக்கு என்வார்கேர் மதிப்பை அனுப்பினாலும் இதே தொல்லைதான்.

லைக் போட்டிருக்கிறீர்களா? சதவீதக் குறியில் தொடங்கினால் சாதாரண பிட்ரீ இண்டெக்ஸ் உதவாது; சொல்லை மூன்று மூன்று எழுத்தாக வெட்டி வைக்கும் டிரைகிராம் இண்டெக்ஸ் வேண்டும். சதவீதக் குறி கடைசியில் இருந்தும் உதவவில்லை என்றால், டேட்டாபேஸின் கொலேஷன் (எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி) "சி" இல்லை என்று பொருள். டெக்ஸ்ட்_பேட்டர்ன்_ஆப்ஸ் சேர்த்து இண்டெக்ஸ் கட்டுங்கள்.

பல ஃபீல்டு இண்டெக்ஸில் முதல் ஃபீல்டே குவெரியில் இல்லையா? 18-ஆம் பதிப்பில் வந்த ஸ்கிப் ஸ்கேன் சில இடங்களில் காப்பாற்றும். அதை நம்பி இண்டெக்ஸை வடிவமைக்காதீர்கள்.

### இண்டெக்ஸ் வந்தது, நேரம் கூடிவிட்டது

ஆப்டிமைசர் சொன்னதே சரி. அமைப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு வேறு வழி பாருங்கள்.

### இண்டெக்ஸ் வந்தது, காஸ்ட் கூடியது, நேரமோ குறைந்தது

இங்கேதான் செலவு மாறிலிகளைத் தொட நியாயம் இருக்கிறது. ரேண்டம்_பேஜ்_காஸ்ட் இயல்பாக 4, சீக்_பேஜ்_காஸ்ட் 1. இது சுழலும் டிஸ்க்கை மனதில் வைத்த விகிதம். எஸ்எஸ்டியில் 1.1 என்று வைப்பது பரவலான பழக்கம். எஃபெக்டிவ்_கேஷ்_சைஸ் இயல்பாக 4 ஜிபி. அது நினைவகத்தை ஒதுக்காது, "இவ்வளவு கேஷ் இருக்கிறது" என்று ஆப்டிமைசருக்குச் சொல்லும் தகவல் மட்டுமே. 64 ஜிபி சர்வரில் இன்னும் 4 என்று நின்றால் மாற்றுங்கள். முதலில் செஷனில் மாற்றி, முக்கியமான மற்ற குவெரிகளின் பிளான் கெடவில்லை என்று பார்த்த பிறகே சர்வருக்கு.

எனேபிள்_சீக்ஸ்கேனை ஆஃபிலேயே விட்டு வைப்பது மட்டும் வேண்டாம். அது ஒரு சோதனைக் கருவி, மருந்து இல்லை.

## அறிகுறி: ஊகம் ஒன்று, வந்தது ஆயிரக்கணக்கில்

புகார்களில் பாதிக்கு மேல் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

1. ஊகத்துக்கு ஆதாரமான புள்ளிவிவரம் பழையது. பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸில் லாஸ்ட்_அனலைஸ், லாஸ்ட்_ஆட்டோஅனலைஸ், என்_மாட்_சின்ஸ்_அனலைஸ் மூன்றையும் பாருங்கள். பின்னணியில் தானாக ஓடும் ஆட்டோவேக்யூம் இயல்பாக 50 பதிவுகளோடு டேபிளின் 10 சதவீதம் மாறிய பிறகுதான் அனலைஸ் செய்யும். 10 கோடிப் பதிவுள்ள டேபிளில் அது 1 கோடி மாற்றம். அதுவரை இன்று நுழைந்த பதிவுகள் புள்ளிவிவரத்தில் இல்லவே இல்லை. "இன்றைய தேதி" என்று கேட்டால் சொற்பமே கிடைக்கும் என்று ஊகிக்கும். அனலைஸ் ஓட்டுங்கள். சரியாகிவிட்டால், அந்த டேபிளுக்கு மட்டும் ஆட்டோவேக்யூம்_அனலைஸ்_ஸ்கேல்_ஃபேக்டரை 0.01 போலக் குறையுங்கள்.

இரண்டு இடங்களை ஆட்டோவேக்யூம் எட்டிப் பார்க்காது: தற்காலிக டேபிள்களும், பார்ட்டிஷன் செய்த (துண்டுகளாகப் பிரித்த) டேபிளின் தாய் டேபிளும். ஸ்கிரிப்டில் தற்காலிக டேபிளை நிரப்பிய அடுத்த வரியிலேயே அனலைஸ் எழுதிவிடுங்கள். எஸ்கியூஎல் சர்வரில் 2019-க்கு முந்தைய டேபிள் வேரியபிளும் இப்படித்தான்: எத்தனை பதிவு போட்டாலும் ஒன்று என்றே கணக்கு.

2. மாதிரி போதவில்லை. அனலைஸ் டேபிள் முழுவதையும் படிப்பதில்லை. இயல்பு இலக்கு (ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அமைப்பு) 100. அதை 300-ஆல் பெருக்கி 30,000 பதிவுகளை மட்டும் எடுத்துப் பார்க்கும். பல கோடிப் பதிவில், சில மதிப்புகள் ஏராளமாகவும் மற்றவை அரிதாகவும் இருந்தால் இது தடுமாறும். அந்த ஃபீல்டுக்கு மட்டும் செட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் 1000 கொடுத்து மறுபடி அனலைஸ். வெவ்வேறு மதிப்புகளின் எண்ணிக்கை மட்டும் படுமோசமாகத் தப்புகிறது என்றால் என்_டிஸ்டிங்க்டை நீங்களே எழுதிக் கொடுக்கலாம். மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி இன்னும் சிக்கனம்: ஓர் இண்டெக்ஸுக்கு இயல்பாக 20 பக்கங்கள்தான் பார்க்கும்.

3. ஃபீல்டுகள் ஒன்றையொன்று சார்ந்தவை. 1 கோடிப் பதிவுகள். நாடு என்ற ஃபீல்டில் ஒரு மதிப்பு 2 சதவீதம். நாணயம் என்ற ஃபீல்டில் அந்த நாட்டின் நாணயமும் 2 சதவீதம், அதே பதிவுகள்தான். ஆப்டிமைசர் இரண்டையும் தொடர்பற்றவை என்று வைத்துப் பெருக்கும்: 0.04 சதவீதம், 4,000 பதிவுகள். நிஜம் 2 லட்சம். மூன்றாவதாக ஒரு சார்பு நிபந்தனையைச் சேர்த்துவிட்டால் ஊகம் ஒற்றை இலக்கம் நோக்கிச் சரியும்; மேலே நெஸ்டெட் லூப் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

சோதிப்பது எளிது. நிபந்தனைகளைத் தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள். தனித்தனியே ஊகம் சரி, சேர்த்தால் தப்பு என்றால் இதுவேதான். கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற கட்டளை 10-ஆம் பதிப்பு முதல் இருக்கிறது; எந்த மதிப்பு எதோடு சேர்ந்து வரும் என்ற பட்டியலைச் சேகரிக்கும் எம்சிவி வகை 12 முதல். உருவாக்கி, அனலைஸ் ஓட்டுங்கள். வேறு வேறு டேபிள்களில் இருக்கும் ஃபீல்டுகளுக்கு இடையிலான சார்பை இதனால் பிடிக்க முடியாது.

4. உள்ளே பார்க்க முடியாத கோவை. ஃபங்ஷனோ, ஜேசானுக்குள் ஒரு சாவியோ நிபந்தனையில் இருந்தால், அதற்கென்று புள்ளிவிவரம் இல்லாத பட்சத்தில் சமம் என்ற ஒப்பீட்டுக்கு 0.5 சதவீதம், பெரிது சிறிது ஒப்பீட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளும். டேபிளின் அளவில் மிகச் சரியாக இருநூறில் ஒரு பங்கு ஊகமாக வந்து நின்றால், ஆப்டிமைசரிடம் தகவலே இல்லை என்று புரிந்துகொள்ளலாம். 14-ஆம் பதிப்பு முதல் கோவைக்கே புள்ளிவிவரம் சேகரிக்கலாம். அடிக்கடி தேடும் ஜேசான் சாவியைத் தனி ஃபீல்டாக வெளியே எடுப்பதே நீண்ட நாளைக்கு நல்லது. வேலை அதிகம், அதனால் கடைசியில் சொல்கிறேன்.

5. எதற்கும் மசியவில்லை. குவெரியைத் துண்டாக்குங்கள். ஊகம் தப்பும் பகுதியைத் தற்காலிக டேபிளில் எழுதி, அனலைஸ் செய்து, மீதியை அதோடு இணையுங்கள். அழகில்லை, ஆனால் வேலை செய்யும். வித் பகுதியில் மெட்டீரியலைஸ்ட் என்று எழுதினாலும் தனியே ஓடும்; ஆனால் அதன் விடையை அனலைஸ் செய்ய முடியாது. (12-க்கு முன் எல்லா வித் பகுதியும் தானாகவே தனியேதான் ஓடும். பழைய பதிப்பிலிருந்து மாறியவர்களின் பிளான் தலைகீழாக இதுவும் ஒரு காரணம்.) போஸ்ட்கிரெஸின் மையத்தில் ஹிண்ட் வசதி (எந்தப் பிளான் என்று நாமே சொல்லும் வழி) கிடையாது, பிஜி_ஹிண்ட்_பிளான் என்ற நீட்சி உண்டு. டேட்டா வளர்ந்த பிறகும் ஹிண்ட் மாறாமல் நிற்கும் என்பதால் அதைத் தற்காலிகக் கட்டாகவே நினைக்கிறேன்.

## அறிகுறி: நேற்று வரை ஓடியது

குவெரி மாறவில்லை, ஆப்பின் புரோகிராம் கோடும் மாறவில்லை. கேட்க வேண்டியவை: இரவில் பெரிய லோடு நடந்ததா? அப்படியானால் அனலைஸ். பதிப்பு மேம்படுத்தினீர்களா? பிஜி_அப்கிரேட் 18-க்கு முன்புவரை புள்ளிவிவரத்தைக் கொண்டுவராது. மேம்படுத்திய மறுநிமிடம் வேக்யூம்டிபி கட்டளையை அனலைஸ்-இன்-ஸ்டேஜஸ் தேர்வோடு ஓட்ட வேண்டும். யாராவது இண்டெக்ஸை நீக்கினார்களா?

மூன்றும் இல்லை என்றால் டேபிள் மெல்ல வளர்ந்து, இரண்டு பிளான்களின் செலவு ஒன்றையொன்று தாண்டும் புள்ளியை நேற்றிரவு கடந்திருக்கும். வளர்ச்சி மெதுவாக இருந்தாலும் பிளான் ஒரே இரவில் மாறும். இதைப் பிடிக்கப் பழைய பிளான் கையில் இருக்க வேண்டும். ஆட்டோ_எக்ஸ்பிளெய்னை முன்கூட்டியே இயக்கி, குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் ஓடும் குவெரிகளின் பிளானை லாகில் எழுதச் சொல்லிவிடுங்கள்.

## அறிகுறி: லிமிட் 10 போட்டால் நிமிடக்கணக்கு, லிமிட்டை எடுத்தால் நொடியில்

முதல் தடவை பார்ப்பவர் நம்ப மாட்டார். குவெரி இந்த அச்சில் இருக்கும்: வேர் நிலை = 'நிலுவை' ஆர்டர் பை தேதி டெசெண்டிங் லிமிட் 10.

ஆப்டிமைசரின் எண்ணம் இது: தேதி இண்டெக்ஸில் பின்னாலிருந்து நடந்தால் சார்ட் செய்ய வேண்டாம், நிலுவைப் பதிவுகள் எங்கும் சீராகப் பரவியிருக்கும், சீக்கிரமே பத்து கிடைத்துவிடும். நிஜத்தில் நிலுவையில் இருப்பவை எல்லாம் பழைய பதிவுகள். புதியதிலிருந்து பழையதற்கு லட்சக்கணக்கில் படித்துத் தள்ளிவிட்டுத்தான் முதல் பதிவே கிடைக்கும். பிளானில் "ரோஸ் ரிமூவ்ட் பை ஃபில்டர்" என்ற எண் பூதாகரமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

சரியான மருந்து (நிலை, தேதி) என்று இரண்டையும் சேர்த்த இண்டெக்ஸ். நிபந்தனை ஃபீல்டு முன்னால், வரிசைப்படுத்தும் ஃபீல்டு பின்னால். புது இண்டெக்ஸ் கட்ட இப்போது முடியாது என்றால், ஆர்டர் பையில் தேதியோடு பூஜ்ய கால இடைவெளியைக் கூட்டுங்கள். தேதி இண்டெக்ஸை அது பயன்படுத்த முடியாமல் போய், நிலை இண்டெக்ஸ் பக்கம் திரும்பும். பக்கத்தில் ஒரு கமெண்ட் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்து வருபவர் "இது எதற்கு" என்று அழித்துவிடுவார்.

## அறிகுறி: கையால் ஓட்டினால் வேகம், ஆப்பில் மெதுவு

எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் விடைப் பதிவுகளைக் கிளையண்டுக்கு அனுப்புவதில்லை. எனவே முதல் சந்தேகம் ஆப்டிமைசர் மேல் வர வேண்டாம். ஆப் லட்சம் பதிவுகளை இழுக்கிறதா? அல்லது ஓஆர்எம் (நமக்காக எஸ்கியூஎல் எழுதித்தரும் நூலகம்) ஒரே குவெரியை ஆயிரம் தடவை சின்னச் சின்னதாக அனுப்புகிறதா? பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மெண்ட்ஸில் கால்ஸ் எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்து, ஆப்பின் ரோலுக்கென்று தனி அமைப்புகளோ வேறு சர்ச்_பாத்தோ இருக்கிறதா என்று பாருங்கள்.

அதுவும் இல்லையென்றால் பிரிப்பேர்ட் ஸ்டேட்மெண்ட், அதாவது முன்பே தயாரித்து வைத்து மதிப்பை மட்டும் மாற்றி ஓட்டும் குவெரி. போஸ்ட்கிரெஸ் முதல் ஐந்து தடவை கொடுத்த மதிப்பைப் பார்த்துப் பிளான் போடும். அதற்குப் பிறகு எந்த மதிப்புக்கும் பொதுவான ஜெனரிக் பிளான் கணக்கில் மலிவாகத் தெரிந்தால் அதற்கு மாறிவிடும். ஆறாவது ஓட்டத்தில் திடீரென மெதுவானால் இதுதான் காரணம். கையால் பிரிப்பேர் செய்து எக்ஸ்பிளெய்ன் எக்ஸிக்யூட் கொடுத்துப் பாருங்கள். பிளானில் உங்கள் மதிப்புக்குப் பதில் டாலர் குறியோடு 1 என்று நின்றால் ஜெனரிக். அந்த ரோலுக்கு பிளான்_கேஷ்_மோட் = ஃபோர்ஸ்_கஸ்டம்_பிளான் வையுங்கள் (12 முதல் உண்டு). எஸ்கியூஎல் சர்வரில் கதை வேறு: முதலில் வந்த மதிப்புக்குப் போட்ட பிளானே எல்லாருக்கும் ஒட்டிக்கொள்ளும். அங்கே அந்தக் குவெரிக்கு மட்டும் ஆப்ஷன் ரீகம்பைல்.

## அறிகுறி: ஊகமெல்லாம் சரி, இருந்தும் மெதுவு

ஆப்டிமைசர் தன் வேலையைச் செய்துவிட்டது. பிளானில் இவற்றைத் தேடுங்கள்:

- சார்ட் மெத்தட்: எக்ஸ்டெர்னல் மெர்ஜ், அல்லது ஹேஷில் பேட்சஸ் ஒன்றுக்கு மேல். நினைவகம் போதாமல் டிஸ்க்கில் எழுதுகிறது. வொர்க்_மெம் இயல்பாக 4 எம்பி. இது ஒரு குவெரிக்கான அளவு அல்ல, குவெரிக்குள் இருக்கும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஹேஷுக்கும் தனித்தனி. சர்வர் முழுவதும் ஏற்றினால் கனெக்‌ஷன்கள் கூடும் நேரத்தில் நினைவகம் தீரும். செட் லோக்கல் மூலம் அந்த டிரான்சாக்‌ஷனுக்கு மட்டும் ஏற்றுங்கள்.
- ஹீப் ஃபெட்சஸ் (டேபிளையும் போய்ப் பார்த்த தடவைகள்) பெரிதாக இருக்கும் இண்டெக்ஸ் ஒன்லி ஸ்கேன். வேக்யூம் ஓட்டுங்கள். ஓட்டியும் குறையவில்லை என்றால், எங்கோ ஒரு டிரான்சாக்‌ஷன் மணிக்கணக்கில் திறந்தே கிடக்கிறது.
- கடைசியில் ஜிட் (குவெரியை ஓடும்போதே இயந்திர மொழிக்கு மாற்றும் வசதி) என்று ஒரு பகுதி, அதில் பெரிய நேரம். 12 முதல் இயல்பாகவே இயங்குகிறது. காஸ்ட் 1,00,000-ஐத் தாண்டினால் உள்ளே வரும். செஷனில் ஜிட் = ஆஃப் வைத்து ஒப்பிடுங்கள்.
- பஃபர்ஸில் ஹிட் குறைவு, ரீட் அதிகம், இரண்டாம் தடவை வேகம். பிளான் கோளாறு இல்லை, கேஷ் ஆறியிருந்தது.

ஆப்பில் மட்டும் குவெரி தொங்குகிறது, பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் வெயிட்_ஈவெண்ட் வகை லாக் என்று காட்டுகிறது என்றால் வேறொருவரின் டிரான்சாக்‌ஷனுக்காகக் காத்திருக்கிறது. பிளானை நோண்டிப் பயனில்லை.

## அறிகுறி: பிளானிங் டைமே அதிகம்

எக்ஸ்பிளெய்னின் கடைசியில் பிளானிங் டைம், எக்ஸிக்யூஷன் டைமை மிஞ்சினால்: ஆயிரக்கணக்கில் பார்ட்டிஷன்கள், அல்லது மிக நீளமான ஜாயின். பார்ட்டிஷன் சாவி நிபந்தனையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். யாராவது ஜாயின்_கொலாப்ஸ்_லிமிட்டை இயல்பான 8-லிருந்து ஏற்றியிருந்தால் இறக்கிப் பாருங்கள்.

## எப்போது நிறுத்திவிட்டு டிபிஏவை (டேட்டாபேஸ் நிர்வாகியை) அழைக்க வேண்டும்

இண்டெக்ஸ் வழியாக வரும் விடையும், முழு டேபிளைப் படித்து வரும் விடையும் வேறுவேறாக இருந்தால் உடனே. இது வேகப் பிரச்சினை அல்ல, இண்டெக்ஸ் கெட்டிருக்கிறது. லினக்ஸை மேம்படுத்திய பிறகு டெக்ஸ்ட் ஃபீல்டு இண்டெக்ஸ்களில் இது நேரும்: 2018-இல் வந்த, லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.28 எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறையையே மாற்றியது. ரீஇண்டெக்ஸ் வேண்டும், அதற்கு முன் எவ்வளவு பழுது என்று ஆம்செக் என்ற சோதனை நீட்சியைக் கொண்டு பார்க்க வேண்டும். யூனிக் இண்டெக்ஸில் இரட்டைப் பதிவுகள் நுழைந்திருந்தால் ரீஇண்டெக்ஸே தோற்கும். தனியாகக் கை வைக்காதீர்கள்.

ஊகமும் சரி, நினைவகமும் போதும், டிஸ்க் முழுவேகத்தில் ஓடியும் போதவில்லை என்றாலும் அழைக்க வேண்டியதுதான். அங்கிருந்து மேலே பார்ட்டிஷன், டேபிள் மறுவடிவம், புது இயந்திரம் என்று செலவுள்ள முடிவுகள்தான். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் பொது அமைப்புகளை மாற்றும் முன்பும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அழைக்கும்போது கையில் வைத்திருக்க வேண்டியவை: டேட்டாபேஸின் முழுப் பதிப்பு எண்; குவெரி, நிஜ மதிப்புகளோடு; எக்ஸ்பிளெய்ன் (அனலைஸ், பஃபர்ஸ்) வெளியீடு, வெட்டாமல், ஸ்கிரீன்ஷாட்டாக இல்லாமல் டெக்ஸ்டாக; சம்பந்தப்பட்ட டேபிள்களின் வடிவம், இண்டெக்ஸ்களோடு; இயல்பிலிருந்து நீங்கள் மாற்றிய அமைப்புகளின் பட்டியல். பழைய வேகமான பிளான் லாகில் கிடைத்தால் அதையும்.